விளையாடுகிறவர் பக்கம் நின்றவர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட் எந்த கம்பெனியை வாங்கியது, சோனி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியது என்று கேம் ரசிகர்கள் ராப்பகலாக வாதாடுகிறார்களே, இதில் அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்பது ஒன்று. அதே ஆட்கள் ஜூலை மாதம் பிறந்தால் ரயன் டேவிஸ் என்ற அமெரிக்கரை நினைத்து உருகுகிறார்களே, நேரில் பார்த்திராத, இறந்து பத்தாண்டுக்கும் மேலாகிவிட்ட ஒருவருக்காக இவ்வளவு துக்கம் எதற்கு என்பது இன்னொன்று. தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு 2007-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற கேம் வெளிவந்தது. வெளியிட்டவர்கள் ஐடோஸ். அப்போது அமெரிக்காவில் கேம் விமர்சனத்துக்கு முதல் வரிசையில் இருந்த இணைய இதழ் கேம்ஸ்பாட். அதன் முகப்பு முழுக்க இந்த கேமின் விளம்பரம்தான். அதே இதழில், அதே வாரங்களில், ஜெஃப் கெர்ஸ்ட்மன் எழுதிய விமர்சனம் வந்தது. பத்துக்கு ஆறு மதிப்பெண். படுமோசம் என்று அவர் சொல்லவில்லை, சுமார் என்றுதான் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர், ஆசிரியர் குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அந்த மாதம் முடிவதற்குள் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

காரணத்தைக் கம்பெனி சொல்லவில்லை. சொல்லும் நிலையில் கெர்ஸ்ட்மனும் இல்லை. ஆனால் வாசகர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. விளம்பரமும் விமர்சனமும் ஒரே பக்கத்தில் இருந்தன, விமர்சனம் எழுதியவர் மட்டும் காணாமல் போய்விட்டார். சந்தாவை நிறுத்தினார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ரசிகர்களுடைய வாதம் வெட்டிப் பேச்சு என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கதையைத்தான். அன்று அவர்கள் கத்தியது எந்த கன்சோல் உசத்தி என்பதற்காக இல்லை. தங்களிடம் உண்மை பேசிய ஒருவர் அதற்காகவே தண்டிக்கப்பட்டார் என்று கோபப்பட்டார்கள்.

அந்தக் கோபம் சரிதான் என்பது 2012 மார்ச்சில் உறுதியானது. விளம்பரம் கொடுக்கிறவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்து விளம்பரத்தைத் திரும்பப் பெறுவோம் என்று மிரட்டியதையும், புதிதாக வந்த மேலாளர்கள் அதற்கு மிரண்டுபோனதையும் கெர்ஸ்ட்மன் வெளிப்படையாகச் சொன்னார். சொன்ன இடம்தான் முக்கியம். அவரை அனுப்பிய அதே கேம்ஸ்பாட்டின் காமிரா முன்னால் உட்கார்ந்து சொன்னார். அதற்குள் கேம்ஸ்பாட் சிபிஎஸ் என்ற ஊடக நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. கெர்ஸ்ட்மன் தொடங்கிய புது நிறுவனத்தையும் சிபிஎஸ்ஸே வாங்கியதால் அவருக்கு வாய் திறக்க வழி கிடைத்தது.

அந்தப் புது நிறுவனம்தான் ஜயன்ட் பாம். கெர்ஸ்ட்மன் போன சில மாதங்களுக்குள் கேம்ஸ்பாட்டிலிருந்து அலெக்ஸ் நவாரோ, ரயன் டேவிஸ், பிராட் ஷூமேக்கர், வின்னி கேரவெல்லா என்று ஒவ்வொருவராக விலகினார்கள். பெரிய இதழ், நல்ல சம்பளம், துறைக்குள் செல்வாக்கு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். கெர்ஸ்ட்மனும் டேவிஸும் சேர்ந்து 2008-ல் ஜயன்ட் பாமைத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 'குவிக் லுக்' என்று ஒரு வீடியோ தொடர். ஒருவர் விளையாடுவார், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பேச்சுக்கொடுப்பார். வெட்டுவது, ஒட்டுவது, இசை சேர்ப்பது எதுவும் கிடையாது. ஏற்றும் திரையில் கேம் அசையாமல் நின்றால் நீங்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். ஒரே பள்ளத்தில் நாலு தடவை விழுந்தால் நாலு தடவையும் பார்ப்பீர்கள். கம்பெனி தரும் டிரெய்லரில் மின்னுவது எதுவும் இதில் மின்னாது. பார்த்து முடிக்கும்போது உங்கள் பணத்துக்கு இந்த கேம் தகுமா என்பது, ஒரு மதிப்பெண்கூட இல்லாமல், உங்களுக்கே தெரிந்துவிடும். இன்று யூடியூப், ட்விட்ச் பக்கம் போனால் எங்கும் இந்த முறைதான். அன்று வேலையாகவே இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். 2009-ல் 'பெர்சோனா 4' கேமை கெர்ஸ்ட்மனும் வின்னியும் தொடக்கம் முதல் முடிவுவரை இப்படியே விளையாடிப் பதிவு செய்தார்கள். நூற்றைம்பது பகுதிகளுக்கு மேல் போனது அது. ஜப்பானியப் பள்ளிக்கூடக் கதையொன்றை அமெரிக்காவில் ஏராளமானோர் தேடிப்போய் வாங்கியதில் அந்தத் தொடருக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

செவ்வாய்க்கிழமைதோறும் 'ஜயன்ட் பாம்காஸ்ட்' என்ற பாட்காஸ்ட். இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓடும் பேச்சு. அதை நடத்தியவர் ரயன் டேவிஸ். ஆள் வாட்டசாட்டம், சிரிப்பும் அப்படித்தான். இன்று செவ்வாய்க்கிழமை என்று உற்சாகமாக அறிவித்துத் தொடங்குவார். நிகழ்ச்சி நடந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். இந்த வாரம் நீங்கள் என்ன விளையாடினீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பதுதான் முதல் வேலை. அது முடிந்த பிறகுதான் துறைச் செய்திக்கு வருவார்கள். அப்புறம் புதிதாக வெளியான கேம்கள், கடைசியில் நேயர் கடிதங்கள். யாரை யார் வாங்கினார்கள், எத்தனை கோடி என்ற செய்தியெல்லாம் விளையாட்டைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் உள்ளே வரும். அதனாலேயே அந்தச் செய்தியை அவர்கள் அளந்த அளவுகோல் வேறாக இருந்தது. பங்குச்சந்தை என்ன சொல்லும் என்று கேட்க மாட்டார்கள், விளையாடுகிறவருக்கு இதில் என்ன என்று கேட்பார்கள்.

இப்போது 2013-க்கு வருகிறேன். உங்களுடைய இரண்டு கேள்விகளும் சந்திக்கிற இடம் அது.

அந்த வருடம் மே மாதம் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தது. அதோடு சில நிபந்தனைகளும் வந்தன. கன்சோல் இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் விளையாட முடியாது. வட்டு உங்கள் காசில் வாங்கியதாக இருக்கலாம், ஆனால் அதை இஷ்டத்துக்கு நண்பருக்கு இரவல் தரவோ, பழைய வட்டாக விற்கவோ கட்டுப்பாடு உண்டு. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஈ3 கண்காட்சி. பிளேஸ்டேஷன் 4-ல் இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை என்று சோனி மேடையில் அறிவித்தபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. விலையும் நூறு டாலர் குறைவு: இது 399, அது 499. பிளேஸ்டேஷன் கேமை நண்பருக்கு எப்படிக் கொடுப்பது என்று விளக்க ஒரு குட்டி வீடியோவும் விட்டார்கள். ஒருவர் வட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ.

ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. நிபந்தனைகளை மொத்தமாக விலக்கிக்கொண்டது. கம்பெனி வாய் திறக்கும் முன்னே அந்தச் செய்தியை உலகுக்குச் சொன்னவர் பேட்ரிக் க்ளெபெக், ஜயன்ட் பாமின் நிருபர். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் நடத்திய ஓர் இடம் பெரிய பத்திரிகைகளையெல்லாம் முந்தியது. ரசிகர்களுடைய வாதத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள் அல்லவா? இது ஆகும். வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம் என்ற ஒரே விஷயத்தில் அத்தனை பேரும் சேர்ந்து நின்றார்கள், உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று தன் திட்டத்தைக் கிழித்துப் போட்டது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஜூலை 3-ஆம் தேதி, ரயன் டேவிஸ் இறந்துபோனார். வயது 34. கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. செய்தி ஜூலை 8-ஆம் தேதி, திங்கட்கிழமை வெளியே வந்தது. மறுநாள் செவ்வாய். நண்பர்கள் வழக்கம்போல ஒலிவாங்கி முன் கூடி உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், இடையிடையே சிரிக்கவும் செய்தார்கள். இழவு வீட்டுக்குப் போய்வந்த எவருக்கும் அந்தச் சிரிப்பு புரியும்.

ஐந்து வருடம் வாரம் தவறாமல் ஒருவருடைய குரலைக் கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, தூக்கம் வராத இரவில் எல்லாம் அவர் பேசியிருக்கிறார். அந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட உங்களிடம் எதையும் ஏமாற்றி விற்கவில்லை. நல்லதை நல்லது என்றார், குப்பையைக் குப்பை என்றார். அப்படிப்பட்டவர் போனால் துக்கம் வராதா? உறவு ஒருதலைப்பட்சமானது, அவருக்கு நம்மைத் தெரியாது என்பதெல்லாம் உண்மைதான். வானொலிக் காலத்தில் தினமும் கேட்ட அறிவிப்பாளர் மறைந்தபோது நம் வீட்டுப் பெரியவர்கள் வருந்தியதும் இப்படித்தான். அதை யாரும் அசட்டுத்தனம் என்று சொல்லவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜான் பெயின். டோட்டல்பிஸ்கட் என்ற பெயரில் யூடியூபில் பேசிய ஆங்கிலேயர். குடல் புற்றுநோயால் 2018 மே 24 அன்று, 33 வயதில் இறந்தார். புது கேம் ஒன்றை அறிமுகம் செய்ய உட்கார்ந்தால் இவர் நேராக விளையாட்டுக்குள் போக மாட்டார். அமைப்புகள் பட்டியலைத் திறப்பார். பார்வைக் கோணத்தை மாற்ற வழி இருக்கிறதா, நொடிக்கு முப்பது காட்சி என்று பூட்டி வைத்திருக்கிறார்களா, விசைகளை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று வரிவரியாகப் பார்ப்பார். தொடக்கத்தில் சலிப்பாக இருக்கும். பார்க்கப் பார்க்கத்தான் விளங்கும். பார்வைக் கோணம் குறுகியிருந்தால் சிலருக்குத் தலை சுற்றி வாந்தியே வரும். விசையை மாற்ற முடியாவிட்டால் ஒரு கை முடியாதவர் அந்த கேமைத் தொடக்கூட முடியாது. மற்றவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பட்டியலில்தான், கம்பெனி தன் வாடிக்கையாளரை மதிக்கிறதா இல்லையா என்று அவர் கண்டுபிடித்தார்.

2013-ல் ஒரு சிறு நிறுவனத்தின் கேமை அவர் கடுமையாக விமர்சித்தார். அவர்கள் காப்புரிமைப் புகார் கொடுத்து அந்த வீடியோவையே தூக்க வைத்தார்கள். அவர் ஓயவில்லை. விமர்சனத்தின் வாயை அடைக்கக் காப்புரிமைச் சட்டத்தை இப்படி வளைக்கலாமா என்று கேட்டு இன்னொரு வீடியோ போட்டார். ரசிகர்கள் பின்னால் நின்றார்கள், புகார் வாபஸ் ஆனது. காசு வாங்கிக்கொண்டு கேமைப் பாராட்டும் வீடியோக்களைப் பற்றி 2014-லேயே அவர் எச்சரித்தார். அமெரிக்க வணிக ஆணையம் அதே விஷயத்தில் வார்னர் பிரதர்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது 2016-ல்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. நாக்கு தேள்கொடுக்கு. 2014-ல் கேமர்கேட் என்று இணையத்தில் மூண்ட கலவரத்தில் பல பெண்கள் கேவலமாக வேட்டையாடப்பட்டார்கள். அப்போது அவர் எடுத்த நிலையைப் பலர் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். நினைவுகூரும்போது இதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். அவரை நேசித்தவர்களில் நேர்மையானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த வரிசையில் கேம் கம்பெனியின் தலைவர் ஒருவரும் இருக்கிறார். நின்டெண்டோவின் சடோரு இவாடா. ரயனைப் போலவே அவரும் ஜூலையில்தான் போனார், 2015 ஜூலை 11. 2011-ல் 3டிஎஸ் கன்சோல் சரியாக விற்கவில்லை. அமெரிக்காவில் 249.99 டாலராக இருந்த விலையை ஆறே மாதத்துக்குள் 169.99-க்குக் குறைக்க வேண்டி வந்தது. முதலில் வாங்கியவர்கள் ஏமாந்ததாக நினைக்கக்கூடாது என்று அவர்களுக்கு இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார், தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். புரோகிராம் எழுதி வளர்ந்த மனிதர் அவர். ஜயன்ட் பாம் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: விளையாடுகிறவருக்கு இதில் என்ன?

சரி, இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய சண்டைகளைப் பாருங்கள். 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அடுத்த இருபது மாதத்துக்கும் மேலாக ரசிகர்கள் தேர்தல் முடிவு பார்ப்பதுபோல் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் பிரிட்டன் தடை போட்டதும் சோனி ரசிகர் கூட்டம் கொண்டாடியது. ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் விற்பனையைத் தடுக்கப் போன அமெரிக்க வணிக ஆணையம் தோற்றதும் எதிர்க்கூட்டம் கொண்டாடியது. அக்டோபர் 13-ஆம் தேதி விற்பனை முடிந்தது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. மே மாதம் டாங்கோ கேம்வொர்க்ஸையும் ஆர்க்கேன் ஆஸ்டினையும் மூடுவதாக அறிவித்தார்கள். டாங்கோ யார் தெரியுமா? முந்தைய வருடம்தான் 'ஹை-ஃபை ரஷ்' என்ற அருமையான கேமைக் கொடுத்துப் பாராட்டு வாங்கியவர்கள். பின்னர் தென்கொரியாவின் கிராஃப்டான் அவர்களை எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் கேம் சேவையான கேம் பாஸ் அல்டிமேட் சந்தா மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99-க்கு ஏறியது. எதிர் அணிக்கும் விடியவில்லை. சோனி 2024 பிப்ரவரியில் 900 பேரை நீக்கியது, தன் லண்டன் ஸ்டுடியோவை மூடியது.

2013-ல் அவர்கள் தங்களுக்காக வாதாடினார்கள், ஜெயித்தார்கள். 2023-ல் இரண்டு கம்பெனிகளுக்காக ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். ஜெயித்ததாக நினைத்தவர்களுக்கும் கிடைத்தது ஏறிய சந்தாவும் மூடிய ஸ்டுடியோவும்தான். வாதாடுவதால் என்ன பயன் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: யாருக்காக வாதாடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதை வாராவாரம் நினைவுபடுத்த ஒருவர் வேண்டும். இல்லாதபோது ரசிகர்கள் கொடி பிடிக்கப் போய்விடுகிறார்கள்.

அப்படி நினைவுபடுத்தும் இடங்களும் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. ஈ3 கண்காட்சி 2023 டிசம்பரில் அதிகாரபூர்வமாக முடிந்துபோனது. 1991-லிருந்து வந்த 'கேம் இன்ஃபார்மர்' இதழை 2024 ஆகஸ்டில் உரிமையாளர்கள் ஒரே நாளில் மூடினார்கள். இணையத்தில் இருந்த பழைய கட்டுரைகள் அத்தனையும் அன்றே மறைந்து, எந்தச் சுட்டியைத் தொட்டாலும் ஒரே விடைபெறும் அறிவிப்பு வந்து நின்றது. என்னை அதிகம் வருத்தியது அந்தத் துடைப்புதான். ஆட்களை அனுப்பியதோடு நிற்காமல் அவர்கள் எழுதியதையும் அழிப்பது என்ன நியாயம்? 2025 மார்ச்சில் வேறொரு நிறுவனத்தின் கீழ் அந்த இதழ், பழைய ஆட்களோடும் பழைய கட்டுரைகளோடும் மீண்டு வந்தது ஆறுதல்.

ஜயன்ட் பாம் கதையும் அப்படித்தான். சிபிஎஸ்ஸிடமிருந்து ரெட் வென்ச்சர்ஸ், அங்கிருந்து 2022-ல் ஃபேண்டம் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. பிராட், வின்னி, அலெக்ஸ் 2021-ல் விலகி நெக்ஸ்ட்லேண்டர் என்று தனியாகத் தொடங்கினார்கள். கெர்ஸ்ட்மன் 2022-ல் வெளியேறினார். 2025 மே மாதம், உரிமையாளர்களின் புதிய விதிகளைப் பற்றிப் பேசிய ஒரு பாட்காஸ்ட் பகுதியை நீக்கியதில் பிரச்சினை வெடித்தது. இடமே மூடப்படும் என்று எல்லோரும் நினைத்த வேளையில் அங்கே வேலை பார்த்த ஜெஃப் பக்கலரும் ஜெஃப் க்ரப்பும் அதை விலைக்கு வாங்கிவிட்டார்கள். இப்போது அதை நடத்துவது முதலாளிகளும் விளம்பரதாரர்களும் தரும் தைரியத்தில் அல்ல. சந்தா கட்டும் ரசிகர்களை நம்பித்தான் நடத்துகிறார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரயன் டேவிஸை நினைத்து உருகுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்களிடம் போய், அவர் நடத்திய நிகழ்ச்சிகளில் எதைக் கேட்கலாம் என்று விசாரியுங்கள். மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அடுத்தபடி, இன்று அதே வேலையை அதே நேர்மையோடு செய்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தமிழில் கேம் பற்றிப் பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. விளம்பரக் காசு வாங்கியிருந்தால் வாங்கினேன் என்று முதலிலேயே சொல்கிறாரா, கம்பெனி கொடுத்த டிரெய்லரை ஓட்டுகிறாரா, தானே விளையாடிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். மனதுக்குப் பிடித்தால், ஒரு கேமுக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்கையாவது அவருக்குக் கொடுங்கள். அவர் உயிரோடும் வேலையோடும் இருக்கும்போதே கொடுங்கள். யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள், நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்